அம்பர்ப் புகை

அன்று காலை முழுவதும் எர்த்மே வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் முப்பது கசையடி நிச்சயம்.

வடமேற்குக் காற்று இரண்டு நாள் பேயாட்டம் ஆடி ஓய்ந்திருந்தது. கடல் தன் அடிவயிற்றைப் புரட்டிக் கறுத்த பாசியைக் குவியல் குவியலாகக் கரையில் தள்ளியிருந்தது. அந்தப் பாசிக்குள் சிக்கித்தான், கல்லாய் இறுகிய பழங்காலத்து மரப்பிசினான அம்பர் வரும். ஆண்கள் தோல் அங்கி மாட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் நின்று நீளக் கம்பு வலையால் பாசியை வாரிக் கரைக்கு எறிந்தார்கள். பெண்கள் விரல் விறைக்க அதைக் கிளறினார்கள். குதிரைமேல் உட்கார்ந்தபடி கரைக் காவலன் ப்ரோஷ் எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்களின் மேலங்கியில் பை தைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அவன் வாயைப் பார்க்கவில்லை.

கட்டைவிரல் நுனி அளவுத் துண்டு. விரலுக்குச் சூடு ஊதுவதுபோல் கையை முகத்துக்குக் கொண்டுபோய், எர்த்மே அதைக் கன்னத்துக்குள் தள்ளிவிட்டாள். வாயில் அது உப்புக்கரித்தது. பிறகு நாவின் சூட்டில் சூடேறிப் பல்லோடு பல்லாக ஒட்டிக் கிடந்தது.

"என்னடி எர்த்மே, கன்னம் வீங்கியிருக்கு? பல்லு வலியா, இல்ல புருஷன் குடுத்ததா?" என்றாள் பக்கத்தில் கிளறிக்கொண்டிருந்தவள். எர்த்மே பல்லைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு விஷயம் முடிந்தது.

கடல் கொண்டுவந்து காலடியில் போடுகிற பொருள் யாருடையது என்று கேட்டால், அந்தக் கரையில் பதில் தயாராக இருந்தது: அரசருடையது. அவருக்கு முன்னால், வெள்ளை அங்கியில் கறுப்புச் சிலுவை தைத்த வீரத் துறவிகளுடையது. அவர்கள் காலத்தில் விசாரணைகூடக் கிடையாது, பக்கத்தில் எந்த மரம் இருக்கிறதோ அதில் தொங்கவிடுவார்கள். அதற்கும் முன்னால் யாருடையதும் இல்லை, குனிந்தவனுக்குக் கிடைத்தது என்று கிழவர்கள் சொல்வார்கள். குனிந்து எடுத்த யாரையும் அவர்கள் பார்த்ததில்லை. இப்போது எடுத்ததெல்லாம் கிடங்கில் கொடுக்க வேண்டும். ஒரு படி அம்பருக்கு ஒரு படி உப்பு. உப்பில்லாவிட்டால் இலையுதிர் காலத்து மீன் அழுகும், மீன் அழுகினால் பனிக்காலத்தில் பட்டினி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அங்கே உப்பிட்டவர் மறந்துவிடப் போகிறார்களே என்று கையில் கசையோடும் நின்றார்.

எர்த்மே திருடியது விற்பதற்கு அல்ல. அவளுடைய நாலு வயதுப் பெண் மாட்லேக்குத் தொண்டை அடைத்திருந்தது. மூன்று நாளாகக் கடல்நாய் குரைக்கிறாற்போல இருமினாள். மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. போன பனிக்காலத்தில் இதே இருமலில் கரையோரத்தில் ஐந்து பிள்ளைகள் போயிருந்தன. அம்பர்ப் புகை தொண்டையைத் திறக்கும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பட்டணத்து மருந்துக்கடையில் அதைச் சிட்டிகை சிட்டிகையாக விற்றார்கள். பொறுக்குகிறவள் பிள்ளைக்கு மட்டும் அது கிடையாது.

பிற்பகலில் வீட்டுக்கு வந்ததும் அதைக் கத்திக் காம்பால் நசுக்கி, மண்மூடியில் கங்கு எடுத்து அதன்மேல் தூவினாள். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியது. நூறு பைன் மரங்களை ஒரே அறையில் கொளுத்தினதுபோல வாசம். பிள்ளை பயந்து திமிறியது. தனி ஆளாக எர்த்மேயின் பிடியில் மூடியும் நிற்கவில்லை, பிள்ளையும் நிற்கவில்லை.

அப்போதுதான் இல்ஜே உள்ளே வந்தாள். பக்கத்து வீட்டு விதவை, ஐம்பதைத் தாண்டியவள். புருஷனைத் தண்ணீர் ஏறிய தோல் அங்கியோடு கடல் கொண்டுபோய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவளிடம் மிஞ்சியது ஒரு வெள்ளாடும் ஒரு நாக்கும்.

"என்னடி இது, புள்ள இப்படி இழுக்குது! ஒரு குரல் குடுத்தா ஓடி வரமாட்டேனா? பெரிய மகாராணி, தனியாத்தான் வைத்தியம் பாப்பா!"

சொல்லி முடிப்பதற்குள் மூக்கு விடைத்தது. அவள் மண்மூடியைப் பார்த்தாள், எர்த்மேயைப் பார்த்தாள், பிறகு குதிகாலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

"அக்கா, நான் வந்து..."

"வாயத் தொறக்காத. எனக்கு மூணு நாளா மூக்கு அடைச்சுக் கெடக்கு. ஒரு வாசமும் தெரியல. ஏதோ மரத்தூளு போட்டிருக்க. புள்ளையக் குடு இங்க."

பிள்ளையை மடியில் போட்டு, மூடியை முன்னால் இழுத்து, தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி இரண்டு பேர் தலைக்கும் கூடாரமாகப் போர்த்திக்கொண்டாள். உள்ளிருந்து அவள் பாடியதும் திட்டியதும் மாறி மாறிக் கேட்டது. கங்கு சாம்பலாகும்வரை அசையவில்லை. கடைசியில் மாட்லே ஓங்கரித்து ஒரு கட்டிச் சளியைக் கக்கினாள். மூச்சு இறங்கியது. அப்படியே தூங்கிப்போனாள்.

சால்வையை உதறி மேலே போட்டுக்கொண்டு இல்ஜே எழுந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. "அடுப்புல பாசிய நாலு கட்டு போட்டு எரி. நாத்தத்த நாத்தம் அடிக்கும். உன் துணிமணிய எல்லாம் மீன் புகை போடற கொட்டகையில மாட்டு" என்றாள். போய்விட்டாள்.

எர்த்மே சொன்னபடியே செய்தாள். தன் பாவாடை, பிள்ளையின் சட்டை, போர்வை, புருஷன் என்சிஸின் தொப்பிவரை எடுத்துப்போய்ப் புகைக்கொட்டகையில் மாட்டி, இரண்டு நாள் மீன்வாடை ஏறவிட்டாள். இல்ஜேயின் சால்வையை மட்டும் மறந்துபோனாள். மறந்துவிட்டேன் என்றுதான் பின்னால் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. கதவருகே அந்தச் சால்வை அவளைக் கடந்தபோது வாசம் குப்பென்று அடித்தது. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தோன்றவும் செய்தது. இல்ஜேயிடம் கொட்டகை கிடையாது, மாற்றுச் சால்வையும் கிடையாது. வாங்கினால் தன்னுடையதைக் கொடுக்க வேண்டும், குளிரோ எலும்பைக் கடிக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் கிடங்கு வாசலில் உப்புப் போட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஊரே சாக்கோடு வரிசையில் நின்றது. இல்ஜேக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி எர்த்மே. நனைந்த கம்பளி உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே சொல்லிவிடும். சாக்கைப் பிடிக்க இல்ஜே குனிந்தபோது, படி அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ப்ரோஷ் நிமிர்ந்தான்.

"ஏய், நில்லு." சாட்டைக் காம்பால் சால்வை முனையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனான். "அடேயப்பா! பைன் காடே போத்திக்கிட்டு வந்திருக்கியே."

"என் சால்வை மேல ஐயாவுக்கு அவ்வளவு ஆசைன்னா வச்சுக்குங்க. பேன் மட்டும் எண்ணித் திருப்பிக் குடுத்திடணும்" என்றாள் இல்ஜே.

வரிசையில் கொல்லென்று சிரிப்பு. ப்ரோஷ் சிரிக்கவில்லை. "அம்பர் எரிச்சிருக்க."

"நான் ஒரு துண்டும் எடுக்கலைங்க."

"அப்ப எடுத்தது யாரு?"

சிரிப்பு நின்றது. எர்த்மே நின்ற பக்கம் இல்ஜே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் பார்வை போன வழியே ஊர் முழுக்கப் பார்த்திருக்கும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. "தெரியாதுங்க. மழையில எத்தனையோ வாசம் வருது" என்றாள்.

ப்ரோஷ் அவள் சாக்கைப் பிடுங்கி, விழுந்த உப்பைத் திரும்பவும் பெட்டியில் கொட்டினான். "ஞாயித்துக்கிழமை சத்தியநாள். அங்க வந்து பேரச் சொல்லு, இல்லாட்டி எனக்கு யாரையும் தெரியாதுன்னு மூணு விரலத் தூக்கிச் சத்தியம் பண்ணு. ரெண்டும் மாட்டேன்னா பட்டணத்துக் கோட்டைச் சிறை இருக்கு. அதுவரைக்கும் உனக்கு உப்பு கெடையாது."

எர்த்மே தன் முறை வந்ததும் சாக்கை நீட்டினாள். நிறைய உப்பு விழுந்தது. அவள் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் என்சிஸ் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். நல்லவன், கோழை இல்லை. அலை தலைக்குமேல் போகும்போதும் கம்பை விடாதவன். நடந்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்த முடிச்சைப் போட்டான்.

"நான் போய்ச் சொல்லிடறேன் என்சிஸ். அக்கா பாவம்."

"சொல்லு. முப்பது அடி அடிப்பான். அடி ஆறிடும். அப்புறம் மூணு பேரையும் கரைய விட்டு ஓட்டுவான். வலையப் புடுங்கிக்குவான். இந்தக் குளிர்ல இருமற புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போவ? உள்நாட்டுல எவன் நம்மள வேலைக்கு வைப்பான்?"

"அதுக்காக அக்கா..."

"அவளுக்கு அடி இல்ல, சிறை இல்ல. சத்தியம் பண்ணிட்டா, மிஞ்சிப்போனா ஆறு மாசம் உப்ப நிறுத்துவாங்க. நம்ம உப்புல பாதியக் குடு." முடிச்சை இறுக்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே, "நான் சொல்றது தப்புன்னு எனக்கும் தெரியும்" என்றான்.

பாதி உப்பை எடுத்துக்கொண்டு எர்த்மே பக்கத்து வீட்டுக்குப் போனாள். மூன்று பீப்பாய் மீன் கழுவி வைத்தபடி, உப்புக்குக் காத்துக் கிடந்தது. இல்ஜே அவற்றின் நடுவே உட்கார்ந்து ஆட்டுக்குக் கோசுக்கிழங்குத் தோல் போட்டுக்கொண்டிருந்தாள். உப்பைப் பார்த்ததும் வாங்கி நேரே பீப்பாயில் கொட்டினாள்.

"வேண்டாம்னு சொல்வேன்னு நெனச்சியா? உம்மேல எனக்குத்தான் கோவம். மீனுக்கு என்ன கோவம்?"

எர்த்மேக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, என்ன மன்னிச்சிருங்க. ஞாயித்துக்கிழமை நான் சொல்லிடறேன். சத்தியமாச் சொல்றேன். என் முறை வந்ததும் எழுந்து, எடுத்தது நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"உன் முறை வந்ததும்."

"ஆமாக்கா."

இல்ஜே அவளை நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் எர்த்மே ஆட்டைப் பார்த்தாள். "சரி. புள்ளைக்கு மோர்க்கஞ்சி குடு. இன்னும் ரெண்டு நாள் வெளிய விடாத" என்றாள் இல்ஜே.

ஞாயிறுவரை எர்த்மே ஒத்திகை பார்த்தாள். ரொட்டிமாவு பிசையும்போது "எடுத்தது நான்தான்" என்று முணுமுணுத்தாள். மீன் வகிரும்போது முணுமுணுத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஆனால், சொல்லிவிடுவோம் என்று நாள் குறித்துவிட்ட நெஞ்சு கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கவும் செய்யும். அவள் தூங்கினாள். அந்த நான்கு நாட்களில் ஊர் இல்ஜேயிடம் பேசுவதை நிறுத்தியது. கிணற்றடியில் அவளைப் பார்த்ததும் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஒரு தடவை எர்த்மேயும் நகர்ந்தாள். தனியாக அவளோடு நின்றால் சந்தேகம் வரும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் காரியம் கெட்டுவிடும் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவது சத்தியநாள். ஆராதனை முடிந்ததும் கோவில் கதவைச் சாத்தினார்கள். பலிபீடத்துக்கு முன்னால் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்தார். பக்கத்தில் ப்ரோஷ். போதகரே முதலில் மூன்று விரல் தூக்கினார். அம்பர் விஷயத்தில் அரசர் கடவுளின் ஊழியரையும் நம்புவதில்லை. பிறகு கிழக்குக் கோடியிலிருந்து வீடு வீடாகக் கூப்பிட்டார்கள்.

"அம்பரை நான் ஒளிக்கவில்லை, விற்கவில்லை, எரிக்கவில்லை. அப்படிச் செய்த எவரையும் அறியேன். அறிந்தால் அவர் தாயானாலும் தகப்பனானாலும் மறைக்க மாட்டேன். இது பொய்யானால் கர்த்தர் என்னைக் கைவிடட்டும்."

ஒவ்வொருவரும் இதைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். என் முறை வரட்டும், வரட்டும் என்று எர்த்மே எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என்சிஸ் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். மாட்லே அவன் மடியில் சுகமாக உட்கார்ந்து, தூணில் செதுக்கிய தேவதூதனுக்கு ஏன் மூக்கு இல்லை என்று கேட்டாள்.

"விதவை இல்ஜே."

இல்ஜே எழுந்து முன்னால் போனாள். சால்வை போட்டிருக்கவில்லை, அதை அவர்கள் சாட்சியாக எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். குளிரில் தோள் ஒடுங்கியிருந்தது. பொய்ச் சத்தியம் செய்தவர் கை, புதைத்த பிறகும் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரும் என்று அந்தக் கரையில் நம்பினார்கள். இல்ஜே அதை மற்றவர்களைவிட அதிகமாக நம்பினாள். அப்படியொரு கை வந்ததாகச் சொல்லப்பட்ட கல்லறையை அவள் எப்போதும் சுற்றித்தான் போவாள்.

"பேரச் சொல்றியா, சத்தியம் பண்றியா?" என்றான் ப்ரோஷ்.

இல்ஜே மேசைமேல் கிடந்த தன் சால்வையைப் பார்த்தாள். அவள் மெல்லத் திரும்பி, இத்தனை நாளில் முதல்முறையாக, எல்லோர் முன்னாலும் எர்த்மேயைப் பார்த்தாள். முகத்தில் மிரட்டல் இல்லை. காத்திருந்தாள், அவ்வளவுதான். எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்வதற்குத் தேவையான நேரத்துக்கு மேலேயே காத்திருந்தாள்.

எர்த்மே குனிந்து தன் மரச்செருப்பைப் பார்த்தாள். இன்னும் என் முறை வரவில்லையே என்று நினைத்தாள்.

இல்ஜே மேசைப்பக்கம் திரும்பினாள். மூன்று விரலைத் தூக்கினாள். "...அப்படிச் செய்த எவரையும் அறியேன்" என்றாள். குரல் உடையவில்லை. கர்த்தர் பெயர் வரும் இடத்தில் மட்டும் மூச்சு முட்டியது.

"சத்தியம் பண்ணிட்ட. ஆனா இந்தத் துணி சத்தியம் பண்ணலையே. ஈஸ்டர்வரைக்கும் உனக்கு உப்பு கெடையாது" என்று அதிகாரி தீர்ப்புச் சொன்னார்.

அடுத்ததாக எர்த்மே வீட்டைக் கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்தபோதுதான் புரிந்தது. இனி உண்மையைச் சொன்னால் இல்ஜே பொய்ச் சத்தியக்காரி ஆவாள். பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை கசையடி அல்ல. தூக்கிய கையை மணிக்கட்டோடு வெட்டுவார்கள். இதற்கு முன்னால் வாயைத் திறந்திருந்தால் இல்ஜே பிழைத்திருப்பாள், இனித் திறந்தால் அழிவாள். ஆக, இனி எர்த்மே சொல்லக் கூடாது. சொல்லாமல் இருப்பதுதான் இப்போது இல்ஜேக்கு நல்லது. இது தோன்றிய கணத்தில் அவள் உடம்பு முழுவதும் சூடாக ஓர் ஆறுதல் பரவியது. பெற்ற பிள்ளைக்கு மூச்சு இறங்கியபோதுகூட அவளுக்கு அப்படி இருக்கவில்லை. அந்த ஆறுதலை அவள் அருவருத்தாள். ஆனாலும் அது போகவில்லை.

மேசைக்கு முன்னால் நின்று மூன்று விரலைத் தூக்கினாள். கணீரென்று சொன்னாள். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. நல்ல குரல் என்பதுபோல அதிகாரி தலையசைத்தார்.

வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. கூட்டம் இல்ஜேக்கு வழிவிட்டு ஒதுங்கியது. எர்த்மே என்சிஸின் கையை உதறிவிட்டு ஓடி, கோவில் சுவர் முனையில் அவளைப் பிடித்தாள். தன் சால்வையை அவிழ்த்து அவள் தோளில் போடப் போனாள். இல்ஜே விலகி நின்றாள்.

"அக்கா, நான் சொல்லத்தான் இருந்தேன். கடவுள்மேல ஆணையா, என் முறை வந்ததும் சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள உங்களக் கூப்பிட்டுட்டாங்க."

இல்ஜே கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை. பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து பக்கத்துல இருக்க. மூணு சத்தியநாள் பாத்திருக்க. உங்க வீட்டுக்கு முந்தின வீடு எங்க வீடுன்னு உனக்குத் தெரியாதாடி?"

எர்த்மேக்குத் தெரியும். பீப்பாய்களுக்கு நடுவே நின்று வாக்குக் கொடுத்த அன்றைக்கும் தெரியும். "என் முறை" என்று அவள் வாய் சொன்னபோது, அதற்கு முன்னால் யார் முறை என்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. இல்ஜேக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சரி என்றிருக்கிறாள்.

"போ, புள்ள குளிர்ல நிக்கிது பாரு" என்றாள் இல்ஜே. வலது கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பனியில் வீட்டைப் பார்க்க நடந்தாள். எர்த்மே சால்வையைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு குளிர் தாங்காமல் அதைத் தானே போர்த்திக்கொண்டாள்.